கோடையில் உங்கள் ஆய்வக மேசையைக் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுங்கள்

(நானோ அறிவியல் துறைத் தலைவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு பள்ளி ஆசிரியரின் திறந்த மடல்)

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் முதுகலை ஆசிரியர். 2007-இல் மத்திய அரசு 1000 கோடி ரூபாய் ஒதுக்கி, நானோ ஆய்வை வளர்க்கும் நானோ மிஷன் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு நம் மாநிலத்தில் நானோ என்று பெயர்ப்பலகை தாங்கிய துறைகளும் மையங்களும் பெருகிவிட்டன. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம், வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்று தொடங்கி, பேருந்து நின்று செல்லும் ஊர்களில் உள்ள பொறியியல் கல்லூரிகள் வரை ஏதோ ஒரு நானோ ஆய்வகம் இருக்கிறது. அவற்றில் பலவற்றில் மே மாதம் 'கோடைகால அறிவியல் முகாம்' என்று பேனர் கட்டுகிறார்கள். அந்த முகாம்களைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் மாணவர்களை அப்படி ஒரு முகாமுக்கு அழைத்துப் போயிருந்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான் நடக்கின்றன. குளிரூட்டிய கருத்தரங்க அறை. குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை. பிறகு பவர்பாயின்ட்: தலைமுடியின் தடிமனை ஒரு லட்சம் கூறாகப் போட்டால் அதில் ஒன்று ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். எல்லோரும் தலையாட்டினார்கள். உணவு இடைவேளைக்குப் பின் எலக்ட்ரான் நுண்ணோக்கி அறைக்குக் கூட்டிப் போனார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்தைந்து பேராக வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், எதையும் தொடக் கூடாது. கருவியை இயக்குபவர் திரையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினார். மாலையில் சான்றிதழ், பை, குரூப் போட்டோ. திரும்பி வரும் பேருந்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "பூ மாதிரி ஒரு படம் சார்" என்றாள் ஒருத்தி. அது துத்தநாக ஆக்சைடு நானோ துகள், உங்கள் ஆய்வு மாணவர் ஒருவரின் பல மாத உழைப்பு. பின் இருக்கையிலிருந்து இன்னொருவன், "ஏசி நல்லா இருந்துச்சு சார்" என்றான்.

உங்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. விடுமுறையிலும் எங்கள் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தீர்கள், சோறு போட்டீர்கள். ஆனால் அந்தக் கதவுக்குள் வந்த பிள்ளையின் கைக்கு அன்று முழுக்க ஒரு வேலையும் கிடைக்கவில்லை. திரையில் தெரிந்த படம் உண்மையிலேயே நானோ அளவுதானா, பெரிதாக்கிய வேறு ஏதாவதா என்று அவளால் சொல்ல முடியாது. நீங்கள் சொன்னதை நம்பினாள், அவ்வளவுதான். எங்கள் பாடப்புத்தகத்திலும் இதே கதை. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் கடைசி அலகில் நானோ அறிவியல் வருகிறது. தாமரை இலையும் மயில் தோகையும் அதில் உண்டு. திருப்புதல் தேர்வுகள் நெருக்கும் நேரத்தில் அதை ஓட்டமாக முடித்துவிடுவோம். செய்முறைத் தேர்வில் அதற்கென்று ஒரு சோதனைகூடக் கிடையாது.

நான் கேட்பது ஒன்றுதான். நுண்ணோக்கிப் படத்தைக் காட்டும் முன், ஒரு நானோமீட்டரைப் பிள்ளை தன் கையால் அளக்கட்டும்.

அளக்க முடியுமா என்று உங்களில் யாரும் கேட்க மாட்டீர்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டன் கிளாபம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டார். ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அமைதியானது என்று 1774-இல் எழுதினார். எண்ணெயின் கன அளவைப் பரப்பால் வகுத்தால் படலத்தின் தடிமன் இரண்டு நானோமீட்டர் வாக்கில் வரும். அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை. நூறாண்டுக்கும் மேல் கழித்து, கல்லூரிப் பக்கமே போகாத ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண் தன் வீட்டுச் சமையலறையில் நீர்ப்பரப்பின் இழுவிசையை அளந்துகொண்டிருந்தார். அவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891-இல் நேச்சர் இதழில் வந்தது. இந்தத் துறையின் முன்கதையே சமையலறையில் இருக்கும்போது, பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மட்டும் ஏன் கருத்தரங்க அறை?

எங்கள் பள்ளியில் இதைச் செய்துபார்த்திருக்கிறோம். கல்யாண வீட்டில் சீர்வரிசை வைக்கும் பெரிய தாம்பாளத்தில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதன் மேல் வாசனை சேர்க்காத டால்க் தூளை மெல்லிய துணி வழியே தட்டித் தூவ வேண்டும். எண்ணெய்களில் இருக்கும் கொழுப்பு அமிலமான ஓலிக் அமிலத்தை எத்தனாலில் இருநூறில் ஒரு பங்காகக் கரைத்து வைத்திருப்போம். முதல் வேலை, துளியை அளப்பது. ஒரு மில்லிலிட்டருக்குத் துளிப்பானில் எத்தனை சொட்டு? பிள்ளைகள் வாய்விட்டு எண்ணுவார்கள். நாற்பது வாக்கில் வரும். அப்படியானால் ஒரு சொட்டில் உள்ள அமிலம் 0.000125 கன சென்டிமீட்டர். அந்த ஒரு சொட்டைத் தட்டின் நடுவில் விட்டதும் அமிலம் படலமாகப் பரவ, தூள் விலகி ஓடும். யாரும் மூச்சு விடமாட்டார்கள், மின்விசிறியை முதலிலேயே நிறுத்தியிருப்போம். வட்டம் ஓரம் ஓரமாக விரிந்து நின்றுவிடும். ஸ்கேல் வைத்து நாலு பக்கமும் விட்டத்தை அளந்து சராசரி எடுத்தால் 28 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பரப்பு 616 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் தடிமன் 2 நானோமீட்டர். எல்லோருக்கும் இரண்டே வராது; ஒருவனுக்கு ஒன்றரை, ஒருத்திக்கு நாலு. ஏன் நாலு வந்தது என்ற சண்டையில்தான் வகுப்பே தொடங்குகிறது. தட்டைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுச் சரியாக அலசவில்லை என்று கடைசியில் கண்டுபிடிப்பார்கள்.

அடுத்து அவர்களே கேட்பார்கள்: நல்லெண்ணெயில் செய்யலாமா சார்? செய் என்று விட்டுவிட வேண்டும். நல்லெண்ணெய் எத்தனாலில் கரையாமல் தனியே நிற்கும். விளக்கெண்ணெய் கரைந்துவிடும். இரண்டும் எண்ணெய்தானே, ஒன்று மட்டும் ஏன் கரைகிறது? இதற்குப் பதில் சொல்ல மூலக்கூறுக்குள் போக வேண்டும். இந்த இடத்தில் உங்கள் வேதியியல் பேராசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் ஏங்கியதுண்டு.

குறுந்தகடு இன்னொரு வழி. பழைய இரும்புக் கடையில் சிடி கிலோ கணக்கில் கிடக்கிறது. சிவப்பு லேசரை அதில் பட வைத்தால் திரும்பி வரும் ஒளி தனித்தனிப் புள்ளிகளாகச் சுவரில் விழும். தூரத்தையும் இடைவெளியையும் அளந்து, பத்தாம் வகுப்பில் படித்த சைன் மதிப்பைப் போட்டால் தடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1600 நானோமீட்டர் என்று வரும். அதே இடத்தில் டிவிடியை வைத்தால் புள்ளி தாளுக்கு வெளியே ஓடிவிடும். அதன் இடைவெளி 740 நானோமீட்டர்தான். தடம் நெருங்க நெருங்கப் புள்ளி விலகுகிறது என்பதைப் பிள்ளைகள் சூத்திரத்துக்கு முன்பே கண்ணால் பிடித்துவிடுகிறார்கள். சோப்புப் படலத்தைச் செங்குத்தாகப் பிடித்தால், உடையும் முன் மேல்பகுதி நிறமிழந்து கறுக்கும். அங்கே தடிமன் 30 நானோமீட்டருக்கும் கீழ். இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது.

தாமரை இலைத் தண்ணீர் என்று பேச்சுக்குப் பேச்சு சொல்கிறோம். இலையில் தண்ணீர் ஏன் ஒட்டவில்லை என்று பிள்ளைகளிடம் கேட்டால், இலை வழவழப்பானது என்பார்கள். உண்மை நேர்மாறானது. நுண்ணிய முண்டுகளும் அவற்றின் மேல் நானோ அளவு மெழுகுப் படிகங்களுமாக அது சொரசொரப்பான பரப்பு. இதைப் படமாகக் காட்டுவதைவிட, தாமரைக்குப் பதில் எங்கும் கிடைக்கும் சேம்பு இலையை ஆளுக்கொன்று கொடுங்கள். ஒரு பாதியை அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைக்கச் சொல்லுங்கள். துடைத்த பாதியில் தண்ணீர் பரவிக் கிடக்கும், துடைக்காத பாதியில் முத்தாக உருளும். கைப்பேசியைப் பக்கவாட்டில் வைத்துப் படமெடுத்து, துளியின் விளிம்பு இலையோடு சேரும் தொடுகோணத்தைப் பாகைமானியால் அளக்கலாம். மயில் தோகையும் அப்படித்தான். அதன் இழையில் இருப்பது கறுப்பு நிறமியான மெலனின் ஒன்றுதான். நீலமும் பச்சையும் மெலனின் குச்சிகள் அடுக்கப்பட்ட இடைவெளியிலிருந்து வருகின்றன. நீலத்துக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ 140 நானோமீட்டர். உதிர்ந்து விழுந்த ஒரு தோகையின் இழைகளைக் கல்வத்தில் அரைத்துப் பாருங்கள். நிறம் போய்ப் பழுப்புத் தூள் மிஞ்சும். நிறம் அரைந்து காணாமல் போவதைப் பார்க்கும் பிள்ளையின் முகம் இருக்கிறதே!

இதுவரை சொன்னவற்றைப் பள்ளியிலேயே செய்துவிடலாம், எங்களுக்கு உங்கள் தயவு தேவையில்லை. தேவைப்படும் இடம் தங்கம்.

மைக்கேல் பாரடே 1857-இல் தங்கத்தைச் செந்நிறக் கூழ்மமாக்கிக் காட்டினார், அதாவது நுண்ணிய தங்கத் துகள்கள் படியாமல் தண்ணீரில் பரவி நிற்கும் கலவை. அவர் செய்த கூழ்மங்கள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் இருக்கின்றன. நீங்கள் முதுகலை முதலாண்டு மாணவருக்குக் கொடுக்கும் சோதனைதான்: தங்கம் கலந்த சேர்மமான குளோரோஆரிக் அமிலத்தின் கரைசலைக் கொதிக்கவிட்டு சோடியம் சிட்ரேட் சேர்ப்பது. வெளிர்மஞ்சள் நிறம் போய், ஒரு கணம் தெளிந்து, சாம்பல் படர்ந்து, ஊதா ஏறி, மாதுளைச் சாறுபோல் சிவந்து நிற்கும். அதில் இருப்பவை சுமார் 15 நானோமீட்டர் தங்கத் துகள்கள். அதையே இரண்டு குப்பியில் பிரித்து ஒன்றில் சர்க்கரைக் கரைசல், ஒன்றில் உப்புக் கரைசல் விட்டால், சர்க்கரைக்கு அசையாத சிவப்பு உப்பு பட்டதும் நீலமாகிவிடும். துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. கொரோனாக் காலத்தில் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த சோதனைப் பட்டையின் சிவப்புக் கோடு பெரும்பாலும் இந்தத் தங்கம்தான் என்று அப்போது சொல்லுங்கள்; முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

பள்ளியில் இதைச் செய்ய முடியாது. குளோரோஆரிக் அமிலம் கிராம் பல ஆயிரம் ரூபாய், பள்ளி மானியத்தில் அந்த ரசீதைப் பார்த்தால் தணிக்கையில் என்னைக் கூப்பிடுவார்கள். ஆனால் உங்கள் கணக்கில் பாருங்கள்: ஒரு கிராமில் ஒரு மில்லிமோலார் கரைசல் இரண்டரை லிட்டர் வரும். ஆளுக்கு 20 மில்லிலிட்டர் வீதம் 120-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சொந்தமாகத் தங்கக் கூழ்மம் செய்யலாம். அந்தப் பைக்கும் சால்வைக்கும் ஆகும் செலவில் இது அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். காந்தக் கலக்கியோடு கூடிய சூடேற்றி, வடிநீர், புதிய கண்ணாடிக் குப்பிகள், கழிவைச் சேகரிக்கும் ஜாடி எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் யு.வி.-விசிபிள் நிறமாலைமானியில் பிள்ளையே தன் குப்பியை வைக்கட்டும். 520 நானோமீட்டர் அருகே முகடு எழும்புவதையும், உப்பு சேர்த்த பின் அது அகன்று நகர்வதையும் பார்க்கட்டும். கடைசி நாளில் விருப்பப்பட்டால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போங்கள். அப்போது திரையில் தெரிவது அவள் செய்த துகள். வாசலில் நின்று எட்டிப் பார்க்க மாட்டாள். பக்கத்தில் வந்து நின்று, எல்லாம் ஒரே அளவில் இல்லையே என்று கேட்பாள்.

வெள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். வேப்பிலையிலிருந்து வெள்ளி நானோ துகள், துளசியிலிருந்து வெள்ளி நானோ துகள் என்று நம் ஊரில் கட்டுரை எழுதப்படாத இலை ஏதாவது மிச்சம் இருக்கிறதா? முகாமிலும் அதையே செய்துகாட்டிவிட்டு, பழுப்பு நிறம் வந்தது, நானோ உருவானது என்று முடித்துவிடுகிறார்கள். சோதனை நல்ல சோதனைதான், மலிவானது, வீட்டுத் தோட்டத்து இலையைக் கொண்டு வரலாம். ஆனால் இலைச்சாறு மட்டும் உள்ள குப்பி ஒன்று, வெள்ளி நைட்ரேட் மட்டும் உள்ள குப்பி ஒன்று, பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சாறு தானாகவே பழுப்பு நிறமானால் என்ன செய்வது என்று பிள்ளை யோசிக்கட்டும். வடிநீருக்குப் பதில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால், அதிலுள்ள உப்பின் குளோரைடோடு வெள்ளி சேர்ந்து பால்போல் வெளுத்துவிடும், அதையும் தடுக்காதீர்கள். உப்புத்தண்ணீர் குடிக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வெண்மை என்னவென்று புரியும்.

கீழடியும் இப்படித்தான். அங்கு கிடைத்த பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் (கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழல்கள்) இருப்பதாக 2020-இல் சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் கட்டுரை வந்தது. நானும் பெருமைப்பட்டவன்தான். அதைச் சொன்னதும் கைதட்டல் வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார்கள். குயவருக்கு நானோ தெரிந்திருந்தது என்று பிள்ளை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. அந்தப் பூச்சு எத்தனை வெப்பத்தில் சுடப்பட்டது, குழாய்தான் என்று எந்தக் கருவியை வைத்துச் சொன்னார்கள் என்று அங்கே அரை மணி நேரம் நில்லுங்கள்.

பாதுகாப்பு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன். உலர்ந்த நானோ தூள் எதுவும் பிள்ளைகள் மேசைக்கு வர வேண்டாம். எல்லாம் திரவத்திலேயே இருக்கட்டும். அசிட்டோனும் எத்தனாலும் சூடேற்றிக்கு அருகில் வேண்டாம். கடைத்தெரு லேசர்களில் எழுதியிருக்கும் திறனை நம்ப முடியாது. உங்கள் ஆய்வகத்தில் அளந்து பார்த்த ஒரு மில்லிவாட்டுக்குக் கீழான லேசரைக் கொடுங்கள்.

யாரை அழைப்பது என்பதில்தான் எனக்குப் பெரிய ஆதங்கம். பெரும்பாலான முகாம்கள் பதினொன்றாம் வகுப்பு முடித்தவர்களைக் கேட்கின்றன. அந்த மே மாதத்தில் முதல் மதிப்பெண்காரர்கள் நீட் பயிற்சியில் இருப்பார்கள். மற்றவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு. உண்மையில் சும்மா இருப்பவர்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முடித்தவர்கள். முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள், அடுத்து எந்தக் குரூப் எடுப்பது என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அறிவியல் பிரிவா வணிகவியலா என்பது அந்த ஐந்தாறு வாரத்தில் முடிவாகிறது. 2022 நவம்பரில் அரசு தொடங்கிய, பள்ளிகளில் அறிவியல் சோதனைகளைச் செய்துபார்க்க வைக்கும் வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். அப்போது எட்டில் இருந்தவர்கள் 2025-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள். கையால் செய்துபார்க்கும் பழக்கம் கொஞ்சம் வந்த பிள்ளைகள் இவர்கள். எட்டோடு அது அறுந்து நிற்கிறது. இஸ்ரோ 2019 முதல் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் யுவிகா என்ற இளம் விஞ்ஞானி பயிற்சி ஒன்பதாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கும்.

மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் உள்ளவனுக்கு வேறு கதவுகள் திறந்திருக்கின்றன. உங்களைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் உள்ள அரசுப் பள்ளிகளிலிருந்து பள்ளிக்கு நாலு பேர், அதில் பாதி பெண்கள், குலுக்கிப் போட்டு எடுங்கள். மொத்தம் இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். தூரத்தில் நடக்கும் தங்கும் முகாமுக்கு எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளை அனுப்ப வீட்டில் தயங்குவார்கள். ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடித்து இருட்டும் முன் வீடு வந்துவிடலாம் என்றால் மறுக்க மாட்டார்கள். ஒரு நாள் முகாமில் எதுவும் தப்பாகப் போக நேரமில்லை. ஐந்து நாள் கொடுங்கள். இரண்டு நாள் தோற்கட்டும், மூன்றாம் நாள் திரும்பச் செய்யட்டும்.

யார் நடத்துவது? நீங்கள் எல்லா நேரமும் நிற்க வேண்டியதில்லை. உங்கள் ஆய்வு மாணவர்களை விடுங்கள். அவர்களில் பலர் எங்கள் பள்ளிகளில் தமிழில் படித்துப் போனவர்கள்தான். பேராசிரியர் முன்னால் தயங்குபவர்கள் பிள்ளைகள் முன்னால் நன்றாகவே பேசுவார்கள். கூழ்மம், பரப்பு இழுவிசை, அலைநீளம் எல்லாம் பாடப்புத்தகத்தில் தமிழில் இருக்கின்றன. அவற்றையே பேசச் சொல்லுங்கள். இந்த நாட்களை அவர்களின் ஆய்வுப் பணியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், விடுப்பில் கழித்துவிடாதீர்கள். அறிவியலாளரின் சமூகப் பொறுப்பு என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022-இல் வழிகாட்டு நெறிமுறைகளே வெளியிட்டிருக்கிறது. அறிக்கையில் எழுத உங்களுக்கும் உதவும். செய்முறைகளைப் புதிதாக உருவாக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் 2008 முதல் அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நானோடேஸ் என்ற பெயரில் நடத்திய நிகழ்ச்சிகளின் செய்முறைக் குறிப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழாக்கம் செய்ய எங்களைப் போன்ற ஆசிரியர்கள் இருக்கிறோம்.

பிள்ளைகளோடு வரும் ஆசிரியரைப் பின் வரிசையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுக்காதீர்கள். அவர் கையிலும் ஒரு துளிப்பானைக் கொடுங்கள். முகாம் முடிந்ததும் பள்ளிக்குக் கேடயம் வேண்டாம். நூறு மில்லிலிட்டர் ஓலிக் அமிலமும் அளந்த லேசர் ஒன்றும் கொடுத்தால் அடுத்த பல ஆண்டுகளுக்கு எங்களுக்குப் போதும்.

தேதியை மட்டும் மார்ச் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். பொதுத்தேர்வு முடிந்துவிட்டால் பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போய்விடுவார்கள், பிடிக்க முடியாது. முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, பேருந்துச் செலவு மூன்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அனுமதிக் கோப்பு நகர மட்டும் குறைந்தது மூன்று வாரம் ஆகும்.

இப்படிக்கு,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின்
முதுகலை இயற்பியல் ஆசிரியர்